ஏத்திவிடப் போற வான்: கட்டுநாயக்கவுக்குப் போகும் தெருவின் கதை

இரவு எட்டரைக்கு ஒழுங்கை முகப்பில் ஹையேஸ் வான் வந்து நிற்கிறது. நாளைக்குப் பறக்கப் போவது ஒரே ஒரு ஆள். வானில் ஏறுவது பதினொரு பேர். அம்மா, அப்பா, சித்தி, மாமி, பக்கத்து வீட்டு அக்கா, அவவின்ர சின்னப் பெடியன், மிச்சத்துக்கு நாங்கள். சூட்கேஸை மூன்று தரம் நிறுத்துப் பார்த்தாயிற்று. கடைசித் தரம் ஒரு கிலோ மிளகாய்த்தூள் வெளியே வந்து, பனங்கட்டிக் குட்டான் இரண்டு உள்ளே போனது.

முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். பிறகு வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. விடியப்புறம் நாலரைக்குக் கட்டுநாயக்க. ஆளைக் கட்டிப்பிடித்து, அழுது, படம் எடுத்து உள்ளே அனுப்பப் பத்து நிமிசம் போதுமாக இருந்தது. அந்தப் பத்து நிமிசத்துக்காக 350 கிலோமீற்றருக்கு மேல் வந்திருந்தோம். திரும்பவும் அவ்வளவு தூரம் போக வேண்டும்.

திரும்பி வரும்போது நாங்கள் களைப்பில் முணுமுணுத்ததைக் கேட்டு வான் ஓடிய ஐயா சொன்னார்: “தம்பியவை, இப்ப இதெல்லாம் ஒரு பயணமே? ஒரு இரவு. முந்தி எயார்போட்டுக்குப் போறதெண்டா ஒரு மாசம்.”

அந்த ஒரு மாசம் எங்கே போனது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. விமான நிலையங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஓடுபாதை, முனையம், திறந்துவைத்த அமைச்சர் என்று எழுதுவார்கள். நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று பார்க்கிறோம். அந்த வாசலுக்கு யார் எப்படி வந்து சேர்ந்தார்கள்? எது வரைக்கும் கூட வர விட்டார்கள்? பஸ் எங்கே நின்றது, வான் எங்கே நின்றது?

முதல் விமானம் எங்கட ஊரில் நின்றது

கட்டுநாயக்கவுக்கு முதல் இரத்மலானை இருந்தது. 1930களின் நடுப்பகுதியில் கொழும்புக்குத் தெற்கே திறக்கப்பட்ட அந்த நிலையம்தான் நாட்டின் முதல் பொது விமான நிலையம். காலி வீதியை ஒட்டி இருந்தது. கரையோர ரயில் பாதையும் பக்கத்தில்தான். கொழும்பில் இருந்த ஒருவருக்கு அங்கே போவது பெரிய அலுவல் இல்லை. காலி வீதியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினால் போதும். விமானத்தில் போகக்கூடியவர்கள் காரில்தான் வந்திருப்பார்கள் என்பது வேறு கதை.

எங்களுக்கு முக்கியமானது 1947 டிசம்பர் 10. எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் அன்று இரத்மலானையில் இருந்து சென்னைக்குப் பறந்தது. போகிற வழியில் அது நின்ற இடம் காங்கேசன்துறை, அதாவது பலாலி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. இந்த நாட்டின் தேசிய விமான சேவை பறந்த முதல் நாளிலேயே யாழ்ப்பாணம் அதன் பாதையில் இருந்தது. சைக்கிள் ஓடக்கூடிய தூரத்தில் இருந்து சென்னைக்குப் பறக்கலாம் என்ற நிலை சுதந்திரம் கிடைப்பதற்கு முன்னரே வந்துவிட்டது. அது 1970களின் கடைசி வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. எங்கட பாட்டாமார் “பலாலியில ஏறி மெட்ராசில படம் பாத்திட்டு வாறது” என்று கதை விடும்போது நாங்கள் சிரிப்போம். கதை கொஞ்சம் ஊதினதாக இருக்கலாம். விமானம் உண்மை.

வடக்கே நகர்ந்த நிலையம்

ஜெட் விமானங்கள் வரத் தொடங்கியதும் இரத்மலானை போதவில்லை. நீண்ட ஓடுபாதை வேண்டும்; நகரமோ சுற்றி வளர்ந்துவிட்டது. கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீற்றர் அளவில், நீர்கொழும்புக்குக் கிட்ட, 1944 இல் பிரித்தானியர் அமைத்த விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது. 1957 இல் பிரித்தானியத் தளங்கள் கையளிக்கப்பட்டபோது அது இலங்கையின் கைக்கு வந்தது. 1960களில் கனடாவின் உதவியோடு அங்கே சர்வதேச விமான நிலையம் கட்டப்பட்டது. 1970 இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் பெயர் வைக்கப்பட்டது. 1977 இல் ஆட்சி மாறியதும் பெயர் கட்டுநாயக்க என்று ஆனது. 1995 இல் திரும்பவும் பண்டாரநாயக்க. பலகை மாறினாலும் சனம் ஒரே பெயரைத்தான் சொன்னது: எயார்போட்.

இந்த இடமாற்றம் தெருவின் கணக்கை மாற்றியது. இரத்மலானை நகரத்தின் வால். கட்டுநாயக்க வேறொரு ஊர். பேலியகொடையில் தொடங்கி வத்தளை, ஜா-எல, சீதுவை என்று கடைத்தெருக்களுக்கு நடுவே ஊர்ந்து போகிற புத்தளம் வீதிதான் அங்கே போவதற்கு இருந்த ஒரே பெரிய வழி. கொழும்பு கோட்டையில் இருந்து 187 ஆம் இலக்க பஸ். நெரிசல் நேரத்தில் எப்ப போய்ச் சேரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ரயில் பாதை விமான நிலையத்தை விடப் பழையது. ராகமையில் பிரிந்து போகும் புத்தளம் பாதை 1909 இலேயே நீர்கொழும்பைத் தொட்டுவிட்டது. அது விமான நிலையத்தின் ஓரத்தால்தான் போகிறது, ஒரு சின்னத் தரிப்பிடமும் உண்டு. ஆனால் சூட்கேஸோடு வருகிற பயணிக்கான ஒழுங்கான விமான நிலைய ரயிலாக அது வளரவில்லை. பாதை இருந்தது, பயணி இருந்தார், இரண்டையும் சேர்க்க யாரும் மினைக்கெடவில்லை. காசுள்ளவருக்குக் கார், மற்றவருக்கு பஸ் என்று விட்டுவிட்டார்கள்.

1977க்குப் பிறகு அந்த மற்றவர்கள் பெருகினார்கள். 1978 இல் விமான நிலையத்தின் பக்கத்திலேயே சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. கிராமங்களில் இருந்து இளம் பெண்கள் தைக்க வந்தார்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள், அதிலும் வீட்டுப் பணிக்குப் போகும் பெண்கள், மட்டக்களப்பில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் குருநாகலில் இருந்தும் வந்தார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு எங்கட ஆட்கள் வந்தார்கள். மூன்று கூட்டமும் ஒரே வாசலில். ஏத்திவிட வருகிற குடும்பம் என்பது கட்டுநாயக்கவின் நிரந்தரக் காட்சி ஆனது இந்தக் காலத்தில்தான்.

ஒரு மாசப் பயணம்

வான்கார ஐயா சொன்ன ஒரு மாசத்துக்கு இப்ப வருவோம்.

1990 இல் போர் திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. ஏ-9 வீதி அறுந்தது. 1990களின் முதல் பாதியில் குடாநாட்டை விட்டு வெளியே வர விரும்பியவர், இரவில் கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும். அதற்கு முன்னால் விடுதலைப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். திரும்பி வருவார் என்று பிணை நிற்க ஆள் காட்ட வேண்டும். அக்கரையில் சைக்கிளோ ட்ரக்டரோ கிடைத்ததில் ஏறி வவுனியா. அங்கே இராணுவத்தின் சோதனையும் பாஸும். அனுமதி தருகிறவரின் சீருடைதான் மாறும். வரிசையில் நிற்கிறவர் அதே ஆள். இதைப் பக்கச்சார்பில்லாமல் சொல்லிவைக்க வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. எங்கட வீடுகளில் சில வேளை ஒரு பக்கத்துப் பாஸ் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

1996க்குப் பிறகு குடாநாடு இராணுவத்தின் கையில். தெருவால் போக முடியாது. இருந்தது இரண்டு வழி: திருகோணமலைக்குக் கப்பல், அல்லது பலாலியில் இருந்து இரத்மலானைக்கு விமானம். 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்துபோனார்கள். கொழும்புக்குப் போய்ச் சேர்வதே உயிரைப் பணயம் வைக்கிற விசயமாக இருந்த காலம்.

உள்நாட்டு விமானத்தில் போனவர் இறங்குவது இரத்மலானையில். வெளிநாட்டு விமானம் ஏறுவது கட்டுநாயக்கவில். ஒன்று கொழும்புக்குத் தெற்கே, மற்றது வடக்கே. நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. வேறு நாட்டுக்காரருக்கு அது ஒரு மணித்தியால, இரண்டு மணித்தியால ராக்ஸி ஓட்டம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவருக்கு அந்தத் தூரத்தைக் கடக்கக் கிழமைகள், சில நேரம் மாதங்கள் எடுத்தன. விசா, கடவுச்சீட்டு, ஏஜென்சிக்காரர், வெளிநாட்டில் இருந்து வர வேண்டிய காசு. இவை எல்லாம் வந்து சேரும் வரை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புறக்கோட்டையிலோ ஒரு லொட்ஜ். போன உடனே பொலிஸில் பதிவு. பதிவுத் துண்டு பொக்கற்றில் இல்லாமல் பாண் வாங்கப் போகவும் பயம். எங்கட சித்திமார், மாமாமாரின் இருபது வயது இந்த லொட்ஜ் அறைகளில்தான் கழிந்தது. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே இருந்த காத்திருப்பு மண்டபம் வெள்ளவத்தை என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் காத்திருப்பும் கேட்டு வாங்கிய உரிமை இல்லை என்பதை 2007 ஜூன் 7 காட்டியது. அன்று விடியற்காலை பொலிஸாரும் படையினரும் கொழும்பு லொட்ஜுகளுக்குள் புகுந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள். சாமான் அடுக்கவும் நேரம் கொடுக்கவில்லை. கொழும்பில் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லாதவர்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்த உத்தரவிட்டது. பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் விமானத்துக்குக் காத்திருந்த ஒருவரை வந்த வழியால் பஸ்ஸில் திருப்பி அனுப்ப அரசால் ஒரு இரவில் முடிந்தது. எங்களுக்குத் தெரிந்த தரைப் போக்குவரத்து வரலாற்றில் அந்த பஸ்களுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

வாசல் பின்னுக்குப் போன கதை

விமான நிலையத்துக்குள்ளும் போர் வந்தது. 1986 மே மாதம் கட்டுநாயக்கவில் நின்ற எயர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்துப் பயணிகள் இறந்தார்கள். 2001 ஜூலை 24 அதிகாலை விடுதலைப் புலிகள் விமானப்படைத் தளத்தையும் பயணிகள் விமானங்களையும் தாக்கினார்கள். காப்புறுதிக் கட்டணம் ஏறியது, சுற்றுலா சரிந்தது. இவை எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டவை.

குறைவாக எழுதப்பட்டது, ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் வாசல் எப்படி இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனது என்பது. பல வருடங்களாகப் பொது பஸ் முனையத்தின் வாசல் வரை போகவில்லை. அவரிவத்தை பஸ் நிலையத்தில் இறங்கி, இணைப்பு பஸ்ஸிலோ ஓட்டோவிலோ மிச்சத் தூரம் போக வேண்டும். காரில் வருகிறவர் வாகனத்தைத் திறந்து காட்டிவிட்டுக் கிட்டப் போகலாம். பஸ்ஸில் வருகிறவர் சூட்கேஸை இறக்கி ஏற்றி, திரும்ப இறக்க வேண்டும். பாதுகாப்பின் பாரம் எல்லோருக்கும் ஒரே அளவில் விழவில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகும் இதேதான் நடந்தது. கூட வந்தவர்கள் முனையத்துக்குள் போவது நிறுத்தப்பட்டது. கட்டிப்பிடிக்கிற இடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தெருவோரமாக மாறியது.

பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயம் போன பிறகும் கயிறு அதே இடத்தில் கட்டியபடி கிடப்பதை நாங்கள் எல்லா இடத்திலும் பார்க்கிறோம்.

நெடுஞ்சாலையும் எங்கட வானும்

2013 ஒக்ரோபர் 27 அன்று கொழும்பு - கட்டுநாயக்க அதிவேக வீதி திறக்கப்பட்டது. பேலியகொடையில் இருந்து 25.8 கிலோமீற்றர். சீனக் கடன், சீனக் கட்டுமானம். வத்தளையிலும் ஜா-எலயிலும் ஊர்ந்து போனவர்கள் அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 187 பஸ்ஸும் அதிவேக வீதியால் ஓடத் தொடங்கியது. கொழும்புக்காரருக்கு இது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்து வானுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எங்கட வான் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக வடக்கால் வந்து கட்டுநாயக்கவுக்குள் நுழைகிறது. அதிவேக வீதி விமான நிலையத்துக்குத் தெற்கே கிடக்கிறது. எங்கட சக்கரம் அதில் படுவதே இல்லை. 350 கிலோமீற்றரில் ஒரு கிலோமீற்றரும் குறையவில்லை.

அதே 2013 இல்தான் அம்பாந்தோட்டைக்குக் கிட்ட மத்தளையில் நாட்டின் இரண்டாவது சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. பறக்க ஆள் நிறைந்த வடக்குக்கு ஓடுபாதை பூட்டிக் கிடந்தது. பறக்க ஆள் குறைந்த இடத்தில் புதிய முனையம் மினுங்கியது.

பொது பஸ்ஸின் கதையும் இப்படித்தான். யாழ்ப்பாணம் - கொழும்பு இரவு பஸ்கள் கட்டுநாயக்கச் சந்தியைத் தாண்டித்தான் போகின்றன. கேட்டால் நிற்பாட்டி இறக்கிவிடுவார்கள். சாமம் மூன்று மணிக்கு, சந்தியில், இரண்டு சூட்கேஸோடு. அங்கிருந்து ஓட்டோக்காரர் சொல்வதுதான் விலை. தனியாகப் பயணம் போகிற ஒரு இளம் பெண்ணை இப்படி இறக்கிவிட எந்த வீடு சம்மதிக்கும்? ஆகவே வான். வான் எடுத்தால் சீற் மிச்சம் இருக்கும். சீற் மிச்சம் இருந்தால் மாமியும் வருவா. பதினொரு பேர் போவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பதையும் பார்க்க வேண்டும்.

வந்து சேர்ந்த பிறகு வானை எங்கே விடுவது என்ற பிரச்சினை. நீண்ட தூரம் வருகிறவர்கள் பிந்திவிடுவோம் என்ற பயத்தில் முந்தியே வந்துவிடுவார்கள். தரிப்பிடத்துக்குள் போனால் நேரத்துக்குக் காசு. அதனால் வான்கள் வெளியே தேத்தண்ணிக் கடை ஓரங்களில், நீர்கொழும்புக் கடற்கரையில் நின்று நேரம் போக்குகின்றன. வரும் ஆளை ஏற்றப் போகும்போது விமானம் பிந்தினால் வான் சாரதியின் நித்திரையும் அதோடு போய்விடும். அதே சாரதி அன்றைக்கே திரும்ப எட்டு மணித்தியாலம் ஓட வேண்டும். விடியற்காலையில் ஏ-9 இலும் புத்தளம் வீதியிலும் நடக்கிற வான் விபத்துச் செய்தியை வாசிக்கும்போது, எங்கிருந்து வந்த வான் என்று ஒருக்கால் பாருங்கள். கொழும்பு வாசியின் கண்ணோடு போட்ட தரிப்பிடக் கணக்கில், இரவு முழுக்க ஓடி வந்த ஒரு சாரதி கால் நீட்ட இடம் இல்லை.

பலாலி திரும்பிய பிறகு

2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையில் இருந்து சேவை தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா வந்து நிற்பாட்டியது. 2022 டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கியது. நகரத்தில் இருந்து இருபது கிலோமீற்றர் வராது; பறக்கிறவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாம். பாட்டாமாரின் கதை பல வருடங்களுக்குப் பிறகு திரும்ப உண்மையானது.

ஆனால் இரண்டு விசயத்தை மறக்கக் கூடாது. ஒன்று, பலாலியைச் சுற்றிய காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்காக எடுக்கப்பட்டவை. 1990 இல் வெளியேறியவர்களில் பலர் இன்னும் தங்கள் வளவைக் காணவில்லை. விரிவாக்கம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த வளவுகள்தான் மேசையில் வைக்கப்படுகின்றன. விமான நிலையம் வேண்டும் என்று கேட்கிற நாங்கள், யாருடைய முற்றத்தில் என்றும் கேட்க வேண்டியவர்கள். இரண்டு, பலாலிச் சேவை தமிழ்நாட்டோடு நிற்கிறது. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் டோஹாவுக்கும் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இன்றைக்கும் வழி கட்டுநாயக்கதான். வான் இன்னும் எட்டரைக்கு வருகிறது.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. வடக்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் முனையத்தின் வாசலிலேயே இறக்குகிற இரவு பஸ் ஒன்று. தூர இடத்துச் சாரதிகள் காசில்லாமல் படுத்து எழும்ப ஒரு கூரை. 1909 இலேயே போட்ட பாதையில் சூட்கேஸ் ஏற்றக்கூடிய ஒரு ரயில் பெட்டி. இதற்குப் புதிய நெடுஞ்சாலையும் தேவையில்லை, புதிய கடனும் தேவையில்லை.

அதோடு இன்னொரு வேலை எங்களுடையது. கிளாலியில் வள்ளம் ஏறியவரும், லொட்ஜில் ஆறு மாதம் கிடந்தவரும், அந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டவரும் எங்கட வீடுகளிலேயே இருக்கிறார்கள். வீடியோ கோலில் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கிறோம். அடுத்த தரம் பேசும்போது, “நீங்கள் எயார்போட்டுக்கு எப்பிடிப் போனனீங்கள்?” என்று கேட்டு, சொல்வதைத் திகதியோடு எழுதி வையுங்கள். பாஸ் துண்டோ பொலிஸ் பதிவுத் துண்டோ அலுமாரியில் கிடந்தால் படம் எடுத்து வையுங்கள்.

அன்று திரும்பி வரும்போது முறிகண்டியில் வான் திரும்பவும் நின்றது. அம்மா இறங்கவில்லை. போகும்போது தம்பி இருந்த சீற்றில் சித்தியின் கைப்பை இருந்தது. ஐயா தேத்தண்ணியோடு வந்து கதவைத் திறந்து, “அங்க இறங்கினவுடன அடிப்பான், அழாதேங்கோ” என்றார். எத்தனை அம்மாமாருக்கு அதே இடத்தில் அதையே சொல்லியிருப்பார் என்று நாங்கள் கேட்கவில்லை.